வேம்புவுக்கு எல்லாம் புரிகிறது

சென்னையில் கொசுவுக்கும் ஆலோசனைக்கும் என்றைக்கும் தட்டுப்பாடு வந்ததில்லை. தலைவலி என்று வாய் தவறிச் சொல்லிப் பாருங்கள். சுக்கு அரைத்துப் பற்றுப் போடச் சொல்வார் ஒருவர், கண்ணாடியை மாற்றச் சொல்வார் இன்னொருவர், கட்டிலைத் திருப்பிப் போடாவிட்டால் குடும்பமே விளங்காது என்பார் மூன்றாமவர். இவர்களை நமக்குத் தெரியும், இவர்களிடமிருந்து நழுவும் வழியும் தெரியும். ஆனால் இந்தத் தொண்ணூறுகளில் இவர்களுக்கு நேர் எதிராக ஒரு புது இனம் நம்மிடையே தலையெடுத்திருக்கிறது. இந்த இனத்தைச் சேர்ந்தவர் ஆலோசனை சொல்ல மாட்டார். அபிப்பிராயமும் சொல்ல மாட்டார். நல்லது, கெட்டது என்ற இரண்டு சொற்களையும் தலையே போனாலும் உச்சரிக்க மாட்டார். நீங்கள் சொல்வதைக் கண்ணெடுக்காமல் கேட்டு, சொன்னதையே தூசி தட்டித் திரும்ப உங்கள் கையில் கொடுத்துவிடுவார். இவருக்குப் புரிந்துகொள்பவர் என்று பெயர் வைக்கலாம்.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். நீங்கள் பேச ஆரம்பித்ததும் நாற்காலியின் நுனிக்கு வருவார். தலை இடது பக்கம் சாயும். கைகள் இரண்டும் முழங்கால் மேல் மல்லாந்து கிடக்கும். அவ்வப்போது ஒரு ‘ம்ம்’ வரும். குட்டையாக வந்தால் கேட்கிறேன் என்று அர்த்தம், நீளமாக வந்தால் உங்கள் வேதனை தெரிகிறது என்று அர்த்தம், மூக்கு வழியாக இறங்கி வந்தால் நீங்கள் உங்களையே ஏமாற்றிக்கொள்கிறீர்கள், ஆனாலும் நான் உங்களை ஏற்றுக்கொள்கிறேன் என்று அர்த்தம். இன்னும் சந்தேகமா? உங்கள் வீடு தீப்பற்றி எரிகிறது என்று அவரிடம் போய்ச் சொல்லுங்கள். “வீடு எரியறதேன்னு உங்களுக்குப் பதட்டமா இருக்கு” என்பார். வாளியைத் தேட மாட்டார்.

மந்தைவெளியில், ரயில் பாலத்துக்காகத் தோண்டிப்போட்ட மண் இன்னும் அள்ளப்படாத ஒரு தெருவில், இரண்டாவது மாடியில் குடியிருக்கும் வேம்பு பிறக்கும்போது இப்படி இல்லை. ஐம்பத்து மூன்று வயது வரை அவரும் எல்லாரையும் போல ஆலோசனை சொல்லிக்கொண்டு சௌக்கியமாகத்தான் இருந்தார். தேனாம்பேட்டையில் அவர் வேலை பார்த்த இன்சூரன்ஸ் அலுவலகத்துக்கு, தொண்ணூற்று நான்கு டிசம்பரில் ஒரு சுற்றறிக்கை வந்தது. அதிகாரிகளில் ஒருவர் மனிதநேய உளவியல் பயிற்சிக்குப் போயாக வேண்டும், ஐந்து நாள், அடையாற்றில் ஆற்றைப் பார்த்த ஒரு விருந்தினர் மாளிகை, மத்தியானச் சாப்பாடு உண்டு. ஆடிட் நடந்துகொண்டிருந்ததால் அலுவலகத்தில் யாரை அனுப்பினாலும் வேலை கெடும் நிலை. வேம்புவை அனுப்பினார்கள்.

பயிற்சி கொடுத்தவர் ஹபீபுர் ரஹ்மான் என்ற ஒரு மெல்லிய குரல்காரர். உளவியல்காரர்களில் ஒரு சாரார் மனிதனின் மனத்துக்கு அடியில் இருட்டறை ஒன்று இருப்பதாகச் சொல்லி அங்கேயே டார்ச் அடித்துக்கொண்டிருந்தார்கள், இன்னொரு சாரார் எலியைப் பெட்டிக்குள் ஓடவிட்டு அதுதான் மனிதன் என்றார்கள், மூன்றாவதாக வந்தவர்கள்தாம் மனிதனை மனிதனாகப் பார்த்தார்கள் என்று அவர் ஆரம்பித்தார். ஒவ்வொருவருக்குள்ளும் வளர்வதற்கான சக்தி இருக்கிறது, அதை நாம் மிதிக்காமல் இருந்தால் போதும் என்றார். பலகையில் ஒரு முக்கோணம் வரைந்தார். அடித்தட்டில் சோறு, தண்ணீர், தூக்கம். அதற்கு மேல் பாதுகாப்பு, அதற்கு மேல் அன்பு, அப்புறம் மரியாதை. உச்சியில், ஒருவன் தான் ஆகக்கூடியதாக முழுவதும் ஆகிவிடுவது. வேம்புவின் கண்கள் நேராக உச்சிக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டன.

பிறகு, பிறரிடம் எப்படிப் பழகுவது என்பதற்கு ஹபீபுர் ரஹ்மான் மூன்று பாடங்கள் சொன்னார். எதிரில் இருப்பவரை நிபந்தனை இல்லாமல் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது முதல் பாடம். அவர் நிற்கிற இடத்தில் நின்று அவர் மனத்தைக் கேட்க வேண்டும், கேட்டதை அவருக்கே திருப்பிச் சொல்லி, சரியாகக் கேட்டோமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது இரண்டாவது. மூன்றாவது பாடம் நடந்த மத்தியானம் வேம்பு வகுப்பில் இல்லை. சங்கீத சீசன் உச்சத்தில் இருந்தது. மயிலாப்பூரில் ஒரு சபா கேன்டீனில் அன்றைக்குக் கீரை வடையும் அசோகா அல்வாவும் என்று தகவல் வந்திருந்தது. அல்வா தீர்ந்துபோவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். உனக்கு உள்ளே தோன்றுவது ஒன்று, வெளியே காட்டுவது ஒன்று என்று இருக்காதே, அப்படி இருந்தால் முன்னால் சொன்ன இரண்டும் வெறும் நடிப்பு என்ற அந்த மூன்றாவது பாடம் அவர் காதில் விழவே இல்லை.

ஆரம்பத்தில் அமோக வெற்றி. அதையும் சொல்லத்தான் வேண்டும். கீழ்வீட்டு சுந்தரராமனுக்கு வெளிநாட்டிலிருந்த மகன் கடிதமே போடாததில் பெரிய மனத்தாங்கல். அதை எங்கே சொன்னாலும், நீங்கள் போன் செய்யக் கூடாதா, வளர்ப்பு சரியில்லை, என் மகனைப் பாருங்கள் என்று பதில் கிடைத்துவந்தது. வேம்பு ஒரு மணி நேரம் குறுக்கே பேசாமல் கேட்டு, “அவன் உங்களை மறந்துட்டானோன்னு பயமா இருக்கு” என்று மட்டும் சொன்னார். சுந்தரராமன் குலுங்கிக் குலுங்கி அழுதுவிட்டு, மனசு லேசாகிவிட்டது என்று சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு வேம்பு மாடி ஏறியபோது தாம் முக்கோணத்தின் உச்சிக்கே ஏறுவதாக உணர்ந்தார். அதன் பிறகு அவரைக் கீழே இறக்க யாராலும் முடியவில்லை.

முயற்சி செய்யாமல் இல்லை. அவர் மனைவி ஹம்சா முயற்சி செய்தாள். பஞ்சாங்கக் காலண்டரின் முதுகில் முக்கோணத்தை வரைந்து, மனிதன் ஏன் உச்சிப் படியை மறந்துவிட்டான் என்று அவர் விளக்கிக்கொண்டிருந்த ஒரு காலையில், “ஏன்னா, உச்சிக்கு அப்பறம் போய்க்கலாம். அடிப்படியில தண்ணி லாரி வந்து நிக்கறது. குடத்தை எடுத்துண்டு போங்கோ” என்றாள்.

“லாரி போயிடுமோன்னு நீ கவலைப்படறே.”

“கவலைப்படலை. போயிடும்.”

போய்விட்டது.

மந்தைவெளி ஆட்டோ ஸ்டாண்டில் ரகுபதி என்ற ஓட்டுநருக்கு மட்டும் வேம்புவை மிகவும் பிடித்துப்போனது. மற்றவர்கள் பேரம் பேசுவார்கள், மீட்டரைக் காட்டுவார்கள், பஸ்ஸில் போகிறேன் என்று மிரட்டுவார்கள். வேம்பு அப்படி எதுவும் செய்வதில்லை.

“மீட்டருக்கு மேல போட்டுக் குடு சார்.”

“மேல கேக்கணும்னு உனக்குத் தோணறது.”

“ஆமா சார், தோணுது. குந்து, போலாம்.”

ரகுபதியைப் பொறுத்தவரை பேரம் முடிந்துவிட்டது. சவாரிக்கு வருபவர் தலையை ஆட்டிக்கொண்டு, நாம் சொன்னதையே திரும்பச் சொன்னால் அதற்குச் சம்மதம் என்றுதான் பொருள். இறங்கும்போது வேம்பு கேட்டதைக் கொடுத்துவிட்டு, எப்படிக் கொடுத்தோம் என்று யோசித்துக்கொண்டே மாடி ஏறுவார். இதோடு போயிருந்தால் நாம் சிரித்துவிட்டு வேறு வேலையைப் பார்த்திருக்கலாம்.

வேம்புவுக்கு சாருலதா என்று ஒரே பெண். தியாகராய நகரில் கம்ப்யூட்டருக்குத் தமிழ் எழுத்து வடிவமைக்கிற ஒரு சின்னக் கம்பெனியில் வேலை. கம்ப்யூட்டரில் தமிழைப் பார்த்தால் சொந்தக்காரர்களுக்கே அடையாளம் தெரியாது. மூன்று வருஷமாக அவள் அதைத்தான் சரி செய்துகொண்டிருந்தாள். ‘ஞ’ சரியாக வளைந்த அன்று வீட்டுக்கு மைசூர்பாகு வாங்கி வந்தவள். தை பிறந்ததும் ஹம்சாவின் ஒன்றுவிட்ட அக்கா ஒரு ஜாதகத்தைக் கொண்டுவந்தாள். பையன் ஸ்ரீவத்சன், பரோடாவில் பெரிய உத்தியோகம், பொருத்தம் எட்டு. கல்யாணத்துக்கு அப்புறம் பெண் வேலைக்குப் போகக் கூடாது என்பது மட்டும் அவர்கள் நிபந்தனை.

அவர்கள் பெண் பார்க்க வருவதற்கு இரண்டு நாள் முன்னால் சாயங்காலம், துணி எடுக்கப் போன அப்பாவை மொட்டை மாடியில் பிடித்தாள் சாருலதா. இந்த மாதிரி விஷயத்தைப் பெண்ணே எதிர்த்தரப்பிடம் சொல்வது வழக்கமில்லை. பெண்ணின் அப்பாதான் சொல்ல வேண்டும். வேம்பு துணிக்கூடையைக் கீழே வைத்தார், தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் நுனியில் உட்கார்ந்தார், தலையைச் சாய்த்துக்கொண்டார்.

“அப்பா, எனக்கு இந்த இடம் வேண்டாம்.”

“இந்த இடம் வேண்டாம்னு உனக்குத் தோணறது.”

“வேலையை விட்டுட்டு என்னால இருக்க முடியாதுப்பா. கிறுக்குப் பிடிச்சிடும்.”

“ம்ம். வேலைதான் நீன்னு நினைக்கறே.”

“ஆமாம்பா.” வீட்டில் ஒருவர் இவ்வளவு சரியாகச் சொல்லிக் கேட்டதில்லை. “அவா கிட்ட நீங்களே சொல்லிடணும்.”

“அப்பாவே சொல்லிடணும்னு எதிர்பார்க்கறே.”

“ஆமா.”

அவர் தலையை ஆட்டினார். சாருலதா துணிக்கூடையைத் தூக்கிக்கொண்டு, இரண்டு இரண்டு படியாகத் தாவி இறங்கினாள். அப்பா ஒத்துக்கொண்டுவிட்டார் என்று அம்மாவிடம் சொன்னாள். அன்று இரவு சாப்பாட்டில் மூன்று தடவை ரசம் வாங்கிக்கொண்டாள். ரகுபதிக்கு நேர்ந்ததுதான் தனக்கும் நேர்ந்திருக்கிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

வேம்பு மறுநாள் பையனின் அப்பாவுக்குப் போன் செய்யத்தான் செய்தார். தியாகராய நகர்க்காரரான கல்யாணராமன் ரயில்வேயில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் உத்தரவு போட்ட குரல். “ஞாயித்துக்கிழமை நாலரைக்கு வந்துடறோம்” என்றார். “நாலரைக்கு வரணும்னு நினைக்கறேள்” என்றார் வேம்பு. “பின்னே?” என்று சொல்லி அவர் போனை வைத்துவிட்டார்.

நாலரைக்கு வந்தார்கள். கல்யாணராமன், அவர் மனைவி, பையன். பையன் லட்சணமாக இருந்தான், அடக்கமாக இருந்தான், பஜ்ஜியை உறிஞ்சுத்தாளில் ஒற்றி எடுத்துச் சாப்பிட்டான். சாருலதா புடவை கட்டிக்கொண்டு காப்பித் தட்டோடு வந்து வணங்கிவிட்டு, சமையலறை நிலைப்படியில் அம்மா பக்கத்தில் நின்றாள். இதோ அப்பா ஆரம்பிக்கப்போகிறார், தன்மையாக, ஒரு தவறான வார்த்தை இல்லாமல் சொல்லிவிடுவார் என்று அவளுக்கு நிம்மதி. வேம்பு நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

“எங்காத்துல எல்லாருக்கும் பொண்ணைப் பிடிச்சிருக்கு” என்றார் கல்யாணராமன்.

“எல்லாருக்கும் பிடிச்சிருக்கு” என்றார் வேம்பு, தலையை ஆட்டியபடி.

“மாசியில நிச்சயதார்த்தத்தை முடிச்சுடலாம்.”

“மாசியிலேயே முடிச்சுடலாம்னு தோணறது.”

“பரோடாவுல இவ வேலைக்கெல்லாம் போக வேண்டாம். இவன் சம்பாதிக்கறதே யதேஷ்டம்.”

“ம்ம். அதுவே யதேஷ்டம்.”

ஹம்சா நிலைப்படியிலிருந்து இருமினாள். சாருலதா அப்பாவையே பார்த்தாள். வேம்பு எதையும் கவனிக்கவில்லை. கல்யாணராமன் நிற்கிற இடத்தில் நின்று, அவர் கண்ணால் உலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கிருந்து பார்த்தால் எல்லாம் ரொம்ப நன்றாகத் தெரிந்தது.

“இப்படி ஒரு சம்பந்தி அமையக் கொடுத்து வச்சிருக்கணும். ஒரு வார்த்தை மறுத்துப் பேசலை” என்று நெகிழ்ந்துபோன கல்யாணராமன், மனைவி பக்கம் திரும்பினார். “இன்னிக்கு நாள் நன்னாத்தான் இருக்கு. பூ வச்சுடேன்.”

பூ வைத்துவிட்டால் நம்மூரில் என்ன பொருள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கல்யாணராமனின் மனைவி முறைக்காக வேம்புவைப் பார்த்து, “வச்சுடட்டுமா?” என்று கேட்டாள்.

“பூ வைக்கணும்னு ஆசைப்படறேள்” என்றார் வேம்பு, மிகுந்த கனிவோடு.

அந்த அம்மாள் எழுந்து போய் சாருலதாவின் தலையில் மல்லிகைச் சரத்தை வைத்துக் கொண்டை ஊசியால் அழுத்திக் குத்தினாள்.

அவர்கள் படி இறங்கிய ஓசை அடங்கிய பிறகு சாருலதா ஊசியைப் பிடுங்கி, பூவை எடுத்து டீவி மேல் வைத்தாள். “அப்பா, வெள்ளிக்கிழமை மொட்டை மாடியில நான் என்ன சொன்னேன்?” என்று கேட்டாள்.

வேம்பு சொன்னார். இந்த இடம் வேண்டாம், வேலையை விட்டு இருக்க முடியாது, கிறுக்குப் பிடித்துவிடும், அப்பாவே சொல்லிவிட வேண்டும். ஒரு சொல் பிசகவில்லை. பரீட்சை என்றால் நூற்றுக்கு நூறு.

“எல்லாத்தையும் கேட்டேளே. அப்பறம்?”

ஐந்து நாள் பயிற்சியில் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. அவள் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

“பொண்ணுக்கும் வாக்குக் குடுத்தேள், அவாளுக்கும் குடுத்துட்டேள்” என்றாள் ஹம்சா.

“நான் யாருக்கும் ஒண்ணுமே சொல்லலையே?”

“அதைத்தான் நானும் சொல்றேன்.”

உள்ளேயிருந்து சாருலதா அழுகிற சத்தம் கேட்டது. புரிந்துகொள்வதற்கு அதில் கஷ்டமாக எதுவும் இருக்கவில்லை. ஆனாலும் அவரால் கதவு வரை போக முடியவில்லை.

புதன்கிழமை அப்பாவும் பெண்ணும் ரகுபதியின் ஆட்டோவில் தியாகராய நகர் போனார்கள். “மேல போட்டுக் குடு சார்” என்றான் அவன். வேம்பு பழக்கப்படி அவனுக்குத் தோன்றுவதை அவனிடமே சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார். வழியெல்லாம் சாருலதா வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். கல்யாணராமன் வீட்டில் ஊஞ்சலில் உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார்கள். வேம்பு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“இந்தச் சம்பந்தத்துல குழந்தைக்கு உள்ளுக்குள்ள ஒரு தயக்கம் இருக்கறதா, அவளோட இடத்துலேர்ந்து பார்க்கறச்சே...”

“வேண்டாம்னு சொல்ல வந்திருக்கேளா?” என்றார் கல்யாணராமன்.

“வேண்டாம்னு நாங்க சொல்ல வந்திருக்கறதா உங்களுக்குப் படறது.”

“எனக்குப் படறது இருக்கட்டும். ஆமாவா, இல்லையா?”

வேம்பு வாயைத் திறந்தார். அதிலிருந்து ஒரு நீளமான ‘ம்ம்’ வந்தது. சாருலதா காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள். “ஆமாம் மாமா. என்னால வேலையை விட முடியாது. வெள்ளிக்கிழமையே சொல்லியிருக்கணும். பூ வைக்கறச்சேயாவது சொல்லியிருக்கணும். தப்புதான், மன்னிச்சுக்கோங்கோ” என்றாள். கல்யாணராமனுக்கு முகம் சிவந்திருந்தது. “நேர்ல வந்து சொன்னியே. சரி. இவர் சொல்லியிருந்தா இன்னிக்குள்ள முடிஞ்சிருக்காது” என்று எழுந்து உள்ளே போய்விட்டார்.

வாசலிலேயே காத்திருந்த ரகுபதியின் ஆட்டோவில் திரும்பும் வழியில், தேனாம்பேட்டை சிக்னலில் வண்டி நின்றது. சாருலதா முதல் தடவையாக அப்பா பக்கம் திரும்பினாள்.

“ஒண்ணு கேக்கறேன். நான் சொன்னதையே திருப்பிச் சொல்லப்படாது. இந்த இடத்தைப் பத்தி உங்களுக்கு என்ன தோணித்து?”

“என் மனசைத் தெரிஞ்சுக்கணும்னு உனக்கு...” என்று ஆரம்பித்த வேம்பு, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பக்கத்தில் ஒரு பஸ் புகை விட்டுக்கொண்டிருந்தது. தனக்கு என்ன தோன்றியது என்று உள்ளே தேடிப் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. ஆனால் தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை, அது முன்வாசலிலேயே உட்கார்ந்திருந்தது.

“எனக்கு அந்த இடம் பிடிச்சிருந்தது” என்றார். “பையன் நன்னா இருக்கான், நல்ல குடும்பம். வேலையை விட்டா நாலு நாள் அழுவே, அப்பறம் சரியாயிடுவேன்னு நினைச்சேன். அவர் ஒவ்வொண்ணா சொல்லச் சொல்ல, நடந்துண்டு போகட்டுமேன்னு இருந்துட்டேன். நான் பண்ணினதா ஆகாது இல்லையா.”

சொன்ன பிறகுதான் அவருக்கே அது கேட்டது. இரண்டு மாதமாக எல்லார் மனத்துக்குள்ளும் புகுந்து வந்தவருக்கு, இப்போது யார் மேலும் பரிவு வரவில்லை. வெட்கமாக இருந்தது, பெண் இனிமேல் பேசுவாளோ மாட்டாளோ என்று பயமாகவும் இருந்தது.

“இதை மொட்டை மாடியில சொல்லியிருந்தா உங்களோட சண்டை போட்டிருப்பேன்” என்றாள் சாருலதா. கண்ணில் நீர் நின்றது.

“ஆமா.”

“ஜெயிச்சிருப்பேன்.”

“ஆமா. அதுக்குத்தான் சொல்லலை போலிருக்கு.”

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “எனக்கு உங்க மேல ரொம்பக் கோபம்பா” என்றாள். அவளுக்குக் கோபம் என்று அவர் திருப்பிச் சொல்லவில்லை. சிக்னல் மாறியது. மந்தைவெளி வரை சாருலதா வெளியே பார்க்கவில்லை.

இறங்கியதும், ஒப்புக்கொண்டபடி மேலே போட்டுக் கொடுக்கச் சொல்லிக் கையை நீட்டினான் ரகுபதி.

“தர மாட்டேன்” என்றார் வேம்பு. சின்னச் சொல்தான். வாயில் அது புதிதாக முளைத்த பல் மாதிரி இடறியது.

“இன்னா சார் நீ, ஏறச் சொல்லோ ஒரு மாதிரி பேசற, எறங்கச் சொல்லோ ஒரு மாதிரி பேசற?” என்று ரகுபதி முணுமுணுத்துக்கொண்டே போனான். அவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது. வேம்பு முழுவதும் குணமாகிவிட்டார் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். சுந்தரராமனைப் பார்த்தால் அவர் தலை இன்றைக்கும் இடது பக்கம் சாய்கிறது. தண்ணி லாரி வந்தால் மட்டும் குடத்தை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்.

ஆயிற்று, இவ்வளவு தூரம் பொறுமையாகப் படித்துவிட்டீர்கள். நடுநடுவே தலையையும் ஆட்டினீர்கள். உங்கள் ஆபீசில் ஒருவர், உங்கள் சகலை ஒருவர் என்று இரண்டு மூன்று முகங்கள் நினைவுக்கு வந்திருக்கும், இதை அவர்களிடம் படிக்கக் கொடுக்க வேண்டும் என்றும் நினைத்திருப்பீர்கள். நேற்றுச் சாயங்காலம் உங்கள் வீட்டில் ஒருவர் எதையோ சொன்னபோது “புரியறது, புரியறது” என்றீர்களே, அதற்கப்புறம் என்ன செய்தீர்கள்? இல்லை, சும்மா கேட்டேன். இது உங்களைப் பற்றி எழுதியது இல்லை என்று உங்களுக்குத் தோன்றுகிறது.

ம்ம்.